பொய் என்றொரு குதிரை

குதிரைக்குப் பேர் பொய் என்றார்கள். சண்முகவடிவுக்குக் காது நன்றாகவே கேட்கும். ஆயுசில் பாதியைச் சங்கரன்கோவில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து, கரகரப்புக்கும் கூச்சலுக்கும் நடுவே நம்பர் கேட்டு வாங்கி லைன் கொடுத்த காது அது. இருந்தாலும் பொய்யா என்று ஒருமுறை கேட்டுக்கொண்டாள். ஆமாம் ஆன்ட்டி, பொய் என்று வழிகாட்டி குதிரையின் கழுத்தில் தட்டினான். சேப்பங்கிழங்கை அவித்து இடித்துக் கூழாக்கினால் இந்த ஹவாய்த் தீவில் அதற்குப் பேர் பொய்யாம், கூழ் என்ன நிறமோ குதிரையும் அந்த நிறமாம், சாம்பலும் கத்தரிப்பூவும் கலந்த ஒரு நிறம். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்று கேட்டிருக்கிறாள், பொய்க்கால் குதிரை கட்டி ஆடுகிறவர்களைக் கோயில் கொடையில் பார்த்திருக்கிறாள், பொய்யே குதிரையாக வந்து நிற்கும் என்று யார் கண்டது. அதன்மேல் ஏற வேண்டியவளும் அவள் இல்லை. மாப்பிள்ளை பிரகதீஷ் தனக்கும் சங்கரிக்குமாக ஆசைப்பட்டுப் பதிவு செய்த சவாரி. வந்த இடத்தில் எல்லோரையும் எடை மெஷினில் ஏற்றினார்கள். எடை பார்த்த பெண் உதட்டைப் பிதுக்கினாள், இவ்வளவு கனத்தை எங்கள் குதிரை சுமக்காது என்று பூப்போலச் சொன்னாள், மாப்பிள்ளை முகம் சுண்டிப்போனது. வந்த நாளிலிருந்து முறுக்கும் அதிரசமும் நெய் மிதக்கிற பொங்கலுமாகப் போட்டு அவரை அந்தக் கனத்துக்குக் கொண்டுவந்தது யார் என்று வடிவுக்குத் தெரியும். "நீங்க போங்க அத்தை, எடம் சும்மா போவுதுல்லா" என்றார் அவர். "நானா? அறுபத்திரண்டு வயசுல குதிரையா மாப்பிள்ளை?" என்று கேட்டுவிட்டு மகளைப் பார்த்தாள். சங்கரி வா என்று சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை, கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்கிற மாதிரி இரண்டுக்கும் நடுவே ஒரு முகத்தோடு நின்றாள். வராதே என்று சொல்லவில்லையே என்று பிடித்துக்கொண்டு வடிவு மரப்படியில் ஏறிவிட்டாள்.

ஏறினபிறகுதான் உயரம் தெரிந்தது. மகளின் பழைய ஜீன்ஸில் நுழைந்த கால்கள் தன் கால்கள்தானா என்றே சந்தேகமாக இருந்தது, ஒன்று இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம், வாழ்நாளில் ஸ்கூட்டரில்கூட அவள் ஒரே பக்கமாகத்தான் உட்கார்ந்து போயிருக்கிறாள். சங்கரியின் அப்பா உயிரோடு இருந்து இதைப் பார்த்திருக்க வேண்டும், விழுந்து விழுந்து சிரித்திருப்பார், சிரித்துவிட்டுப் பயந்திருப்பார், பாத்து வடிவு பாத்து வடிவு என்று கூடவே ஓடிவந்திருப்பார். கடிவாளத்தைத் தளர்த்திப் பிடி என்றான் வழிகாட்டி கவிகா. கவிகா என்ற பேரை மாப்பிள்ளை சொன்னபோது ஏதோ பொம்பளைப்பிள்ளை வரப்போகிறது என்று அவள் நினைத்திருக்க, வந்து நின்றது தொப்பியும் நரைத்த மீசையுமாக ஆறடிக்கு ஒரு ஆள். ஆனால் வாய்க்கு வாய் ஆன்ட்டி என்கிறான், வயதில் பெரிய பெண்களை இந்தத் தீவில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம், கடல் தாண்டி வந்தும் காய்கறிக்காரப் பையன் கூப்பிட்ட மாதிரியே இருந்தது. முன்னால் கவிகா, அவனுக்குப் பின்னால் செவலைக் குதிரையில் சங்கரி, கடைசியில் பொய்யும் வடிவும். மூன்று குதிரையும் புல் மேட்டில் ஏறத் தொடங்கின. கீழே குதிரையின் வயிறு இடமும் வலமுமாக உருண்டது. விழுந்தால் எந்தப் பக்கம் விழுவது, இடது பக்கம் கல், வலது பக்கம் சாணி, சாணியே தேவலை. விழக்கூடாது. அதைவிட முக்கியமாக ஒன்று, நாக்கை அசைக்கக்கூடாது. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டவைத்து, பல்லைக் கடித்துக்கொண்டாள். இந்தப் பயணம் முழுக்க அவள் அப்படித்தான் இருந்தாள். நாளைக்குச் சான் ஹோசேயில் மகள் வீடு, மறுநாள் அவளைச் சென்னை விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். அதற்குள் பிள்ளை ஒரு வார்த்தை சொல்லமாட்டாளா என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே ஆசை. அந்தக் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை. எதுவாக இருந்தாலும் சரி, திட்டாக இருந்தாலும் சரி.

சங்கரியின் முதுகுதான் எதிரே போய்க்கொண்டிருந்தது. நீல பனியன், அதன்மேல் ஒற்றைப் பின்னல், ஹெல்மெட்டுக்குக் கீழே பின்னல் நுனி ஆடியது. இந்த முதுகுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டிருக்கிறாள், இந்த முதுகில் அறைந்திருக்கிறாள், இப்போது அதனிடம் ஒரு வார்த்தை கேட்கத் தைரியம் இல்லை. போன மாசியில்தான். சங்கரிக்கு ஏழாம் மாதம், வளைகாப்புக்குச் சங்கரநாராயணர் கோயில் கடைத்தெருவில் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல் பொறுக்கி வாங்கிவந்து பீரோவில் வைத்துவிட்டு, விசா வந்துவிட்டது என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கையில் மாப்பிள்ளை கூப்பிட்டார். அழுதுகொண்டே சொன்னார், பிள்ளை வயிற்றிலேயே அடங்கிவிட்டது என்று. சங்கரியிடம் போனைக் கொடுங்க என்றாள். சங்கரி வாங்கி, "நான் நல்லாத்தான் இருக்கேம்மா" என்றாள், குரலில் ஒரு கீறல்கூட இல்லாமல். வடிவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஒன்றும் தெரியாதபோது வருகிறதுதானே வரும். உச் என்று நாக்கு கொட்டிவிட்டது. உச், உச். "எனக்கு உச்சுக் கொட்டாதம்மா" என்று அந்தப் பக்கம் குரல் உடைந்தது. "இங்க ஆஸ்பத்திரிலேர்ந்து ஆபீஸ் வரைக்கும் பாக்கிற தமிழாளெல்லாம் கொட்டிட்டு இருக்கு. நீயுமா?" அவ்வளவுதான், லைன் போய்விட்டது. எத்தனையோ லைன் அறுந்ததை அவள் காதால் கேட்டிருக்கிறாள், மழைக்கு அறுந்தது, காக்கை உட்கார்ந்து அறுந்தது, அதையெல்லாம் சரி செய்ய ஆள் இருந்தது. அதற்கப்புறம் வாராவாரம் பேசினார்கள், இவள் கத்திரிக்காய் விலை சொல்வாள், அவள் வானிலை சொல்வாள். அந்த மாசியைச் சுற்றி வேலி கட்டிவிட்டது பிள்ளை. பிறகு விமானச்சீட்டைத் தள்ளிப்போட்டு இவள் கிளம்பி வந்தபோது விமான நிலையத்தில் வடிவு முதல் காரியமாக நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஆனால் அது பாவம் பார்த்துக் கொட்டினது இல்லை, அதை யாரிடம் போய்ச் சொல்ல. எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் காலத்தில் பாதி போன் சாவுக்குத்தான் வரும். பம்பாயிலிருந்து ஒருத்தன், அம்மா போயிட்டாளா என்பான். இங்கே பேசுகிறவர் ஓவென்று அழுவார். நடுவில் உட்கார்ந்து லைன் கொடுத்தவள் பேசக்கூடாது, கேட்கவே கூடாது, அதுதான் சட்டம், சட்டத்தை யார் கண்டார்கள், எல்லா ஆபரேட்டரும் கேட்கத்தான் செய்வார்கள். கேட்டுவிட்டு என்ன செய்ய முடியும். தைரியம் சொல்ல முடியாது. பேர்கூடச் சொல்ல முடியாது. வாய்க்கு முன்னால் கையைப் பொத்திக்கொண்டு உச் என்று ஒன்று, அவ்வளவுதான் அவளுக்கு விட்டிருந்த பேச்சு. ஒரு தடவை, ஒருத்தர் அழுகையை நிறுத்திவிட்டு, யாரும்மா அது, என்று கேட்டார். ஆபரேட்டர் சார் என்றாள் நடுங்கிப்போய், வேலை போச்சு என்றே நினைத்தாள். சரிம்மா, இருங்க, வச்சிராதீங்க என்றார் அவர். அந்த உச்சுக்கு அர்த்தம் அதுதான். நான் வைக்கவில்லை, லைனில் இருக்கிறேன். இதை மகளுக்குச் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் காலையில் காபி ஆற்றும்போது சொல்ல நினைப்பாள், பிள்ளை லேப்டாப்பைத் திறந்துவிடும். ராத்திரி சொல்லலாம் என்று இருப்பாள், பிள்ளை கதவைச் சாத்திவிடும். இனிமேல் விமானத்தில் ஏறினபிறகா சொல்வது. பொய் ஒரு கல்லில் குளம்பு இடறி நிமிர்ந்தது, வடிவு சேணத்தின் கொம்பை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு முருகா என்றாள், முருகா என்றால் நாக்கு பாதுகாப்பாக இருக்கிறது.

மேடு ஏறினதும் காற்று வந்தது. அப்படி ஒரு காற்றை அவள் குற்றாலத்தில் சாரல் நேரத்தில்தான் கண்டிருக்கிறாள். கீழே தூரத்தில் கடல் நீலப் பட்டாக விரிந்து கிடந்தது, மேலே மலைக்குத் தலையில் மேகம், நடுவே எங்கே பார்த்தாலும் புல், புல்லில் கறுப்பும் சிவப்புமாக மாடுகள். வேலி ஓரத்தில் முள்மரம் ஒன்று சாய்ந்து நின்றது, அந்த இலையும் முள்ளும் காயும் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று உற்றுப் பார்த்தாள், சீமைக்கருவேலம். அதேதான், அல்லது அதன் கூடப்பிறந்தது. கியாவே என்று பேர் சொன்னான் கவிகா, எங்கிருந்தோ கொண்டுவந்து வைத்தார்களாம், தீவையே பிடித்துக்கொண்டதாம், வெட்டி மாளவில்லையாம். "எங்க ஊர்லயும் மாளல" என்று தன் இங்கிலீஷில் சொன்னாள் வடிவு. பாவி, நீ இங்கேயும் வந்துட்டியா என்று மனசுக்குள் அதைத் திட்டினாள், திட்டும்போதே சொந்தக்காரியைப் பார்த்த சந்தோஷம் வந்தது. முன்னால் சங்கரியின் தோள் ஒரு தரம் குலுங்கின மாதிரி இருந்தது. சிரித்தாளா. குதிரை குலுக்கியதா. கண்டுபிடிக்க முடியவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருக்கும், ஒரு சிரிப்புக்காக இவள் இன்னும் பத்து முள்மரத்தோடு பேசத் தயார். கவிகா போகிற வழியில் குனிந்து வேலிக் கம்பியை இழுத்துப் பார்த்தான், தண்ணீர்த் தொட்டியில் பாசி இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தான், வந்தவர்களைச் சுற்றிக் காட்டுவதும் வேலையைப் பார்ப்பதுமாக ஒரே நடையில் இரண்டு காரியம். நல்ல ஆள். ஆனால் வாய் கொஞ்சம் நீளம். எல்லா மாட்டுக்கும் ஒரு கதை வைத்திருந்தான். அந்தச் சிவப்புப் பசு முன்கோபி, அந்தக் காளை சோம்பேறி, வேலி ஓரமாகக் கத்திக்கொண்டு சுற்றுகிறதே அந்தப் பசு.

அது கத்தினது, அவன் சொல்வதற்கு முன்னாலேயே வடிவுக்குக் கேட்டிருந்தது. அந்தக் கத்தலுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். மடி பெருத்து, பால் கட்டி, கழுத்தை நீட்டி நீட்டி ஒரே இடத்தைச் சுற்றிவந்தது பசு. சொல்லாதேடா என்று நினைத்தாள். உனக்குப் புண்ணியமாகப் போகும், இந்த ஒரு கதையை மட்டும் விட்டுவிடு, அந்தச் சோம்பேறிக் காளையைப் பற்றி இன்னும் நாலு வார்த்தை சொல். நடுவில் புகுந்து எதையாவது கேட்கலாம் என்று இங்கிலீஷைத் தேடினாள், அவசரத்துக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. "பாவம், கன்று போன வாரம் செத்துப் பிறந்தது" என்று அவன் சொல்லியேவிட்டான். "அது விழுந்த இடத்தை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. நாங்கள் ஓட்டவில்லை. இருக்கட்டும், அதற்கு எவ்வளவு நாள் வேண்டுமோ இருந்துவிட்டு வரட்டும்." சங்கரியின் முதுகு கல்லாகிவிட்டது. பின்னல் நுனிகூட ஆடவில்லை. இதுவே நம் ஊராக இருந்தால் செத்த கன்றின் தோலில் வைக்கோலைத் திணித்துக் கன்று மாதிரிக் காட்டிப் பாலைக் கறந்துவிடுவார்கள், பசுவும் அதை நக்கிக்கொண்டு நிற்கும் என்று வடிவின் மனம் எங்கேயோ ஓடிற்று, ஓடின இடத்தில் முட்டிக்கொண்டு நின்றது. அவள் கொண்டுவந்த அதிரசம், பட்டுப்புடவை, வாராவாரம் சொன்ன கத்திரிக்காய் விலை, எல்லாம் அந்த வைக்கோல் கன்றுதானே. அழுகிற பிள்ளைக்கு முன்னால் வைக்கோலை நீட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். பசு தலையைத் தூக்கி ஒருதரம் கத்தியது. வடிவுக்குக் கண் நிறைந்தது, பசுவுக்காகவா பிள்ளைக்காகவா தெரியவில்லை, இத்தனை நாள் அடைத்து வைத்திருந்த நாக்கு மேலண்ணத்திலிருந்து தானாகப் பிய்த்துக்கொண்டது. உச். உச், உச்.

பொய் காதை நிமிர்த்தியது. அடுத்த நிமிஷம் பூமி நகர்ந்தது. நடந்துகொண்டிருந்த குதிரை ஓட்டமும் நடையுமாகக் குலுங்கி, செவலையைத் தாண்டி, மகளின் வாய் திறந்த முகத்தைத் தாண்டி, கவிகாவின் தொப்பியைத் தாண்டிப் போனது. எலும்பெல்லாம் கிலுகிலுப்பை மாதிரி ஆடிற்று. ஐயோ கோபத்தில் அது ஓடுகிறது, நாம் கொட்டினது அதற்கும் பிடிக்கவில்லை, இந்தச் சத்தம் யாருக்குமே ஆகவில்லை என்று நினைத்தவள் பதறிப்போய், பாவி மட்டை என்ன செய்துவிட்டேன் என்கிற துக்கத்தில் இன்னும் இரண்டு உச்சுக் கொட்டினாள். பொய் இன்னும் சந்தோஷமாக ஓடியது. "ஆன்ட்டி, கொட்டாதீங்க, கொட்டாதீங்க" என்கிற அர்த்தத்தில் கவிகா பின்னாலிருந்து எதையோ கத்தினான், பக்கத்தில் வந்து எட்டிக் கடிவாளத்தைப் பிடித்தான். எல்லாம் நின்றது. இருதயம் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. விழவில்லை. கொம்பைப் பிடித்த கை இறுகி மரத்துவிட்டது, ஆனால் விழவில்லை. கவிகா கண்ணில் நீர் வரச் சிரித்தான். "நாக்கால் அப்படிச் சத்தம் கொடுத்தால் இவனுக்கு என்ன அர்த்தம் தெரியுமா ஆன்ட்டி? போ என்று அர்த்தம். முன்னால் போ. நீங்கள் சொன்னீர்கள், அவன் போனான். நல்ல பிள்ளை." வடிவு குதிரையின் காதையே பார்த்தாள். போ என்றா. இத்தனை வருஷம் எத்தனை பேரிடம் போ என்று சொல்லிக்கொண்டிருந்தோம் என்று நினைத்தபோது அவளுக்கும் சிரிப்பு முட்டியது, பயத்தில் சிரிப்பது எது, துக்கத்தில் சிரிப்பது எது என்று பிரிக்க முடியாமல். பின்னால் சத்தம் கேட்டது. திரும்பினால் சங்கரி சேணத்தில் குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். சின்னதில் கூழாங்கல்லை மூக்கில் போட்டுக்கொண்டபோது சிரித்த அதே கெக்கெக்கே. "எம்மா" என்கிறாள், மூச்சு வாங்குகிறாள், "எம்மா, ஒன் மூஞ்சிய நீ பாத்திருக்கணும்." சிரிப்பு பாதியில் வேறு மாதிரித் திரும்பியது, கன்னத்தைக் கையால் துடைத்துக்கொண்டாள், திரும்பவும் சிரித்தாள். வடிவு பொய்யின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். வாய் திறந்தால் கெட்டுவிடும் என்று தெரிந்தது.

இறங்குகிற பாதையில் ஒரு ஓடை. தண்ணீர் கணுக்காலுக்குத்தான் வரும், வழுவழுவென்று கறுப்புக் கல். கவிகாவின் குதிரை அலட்சியமாகத் தாண்டி அக்கரை ஏறிவிட்டது. செவலை மட்டும் கரையில் நின்று தண்ணீரை மோந்து பார்த்தது, முன்காலை எடுத்து வைத்தது, பின்னால் இழுத்துக்கொண்டது. சங்கரி குதிகாலால் லேசாகத் தட்டினாள். ம்ஹூம். நாக்கால் சத்தம் கொடு என்று அக்கரையிலிருந்து கவிகா சொன்னான். சங்கரி முயன்று பார்த்தாள். ட்டக் என்று ஒன்று வந்தது, ப்ச் என்று ஒன்று வந்தது, குழந்தைக்கு முத்தம் கொடுக்கிற மாதிரி ஒன்று வந்து அவளே வெட்கப்பட்டாள். செவலை காதைக்கூடத் திருப்பவில்லை. பின்னால் பொய்யின்மேல் உட்கார்ந்திருந்த வடிவு நாக்கைப் பல்லுக்கு அடியில் அழுத்திக்கொண்டு காத்திருந்தாள். உதவலாம், ஒரு நொடி வேலை. ஆனால் கேட்காமல் கொட்டக்கூடாது, கேட்காமல் கொட்டித்தானே இத்தனை மாதம் போனது. எதிர்க்கரையில் புல் அசைந்தது. பசுவின் கத்தல் இங்கே வரைக்கும் மெலிதாகக் கேட்டது, நிறுத்தி நிறுத்தி, முன்னைவிட இடைவெளி விட்டு. சங்கரி கடிவாளத்தைத் தளர்த்தினாள். பிறகு திரும்பாமலேயே சொன்னாள்.

"எனக்கு வரமாட்டேங்கும்மா. நீ கொட்டு."

"கொட்டவாட்டி?"

"கொட்டும்மா."

வடிவு கொட்டினாள். கையை வாய்க்கு முன்னால் பொத்தாமல், காற்றில் நன்றாகக் கேட்கும்படி. செவலை காதைப் பின்னால் திருப்பிக் கேட்டுவிட்டு ஓடையில் கால் வைத்தது, பொய்யும் பின்னாலேயே இறங்கியது, குளிர்ந்த தண்ணீர் தெறித்து ஜீன்ஸெல்லாம் நனைந்தது. அக்கரை ஏறினதும் பாதை அகன்றது. கவிகா முன்னால் போய்க்கொண்டிருந்தான். மாப்பிள்ளை தூரத்தில் வேலிக் கதவருகே காபிக் கோப்பையோடு ஒரு புள்ளியாகத் தெரிந்தார், கையை ஆட்டினார், இங்கிருந்து யாரும் பதிலுக்கு ஆட்டவில்லை. ஏனென்றால் சங்கரி பேச ஆரம்பித்திருந்தாள், குதிரையின் பிடரியைப் பார்த்துக்கொண்டு, அதனிடம் சொல்கிற மாதிரி.

"எம்மா."

"என்னட்டி."

"அவளுக்குத் தலை நெறைய முடி இருந்துச்சு. நர்ஸ் காட்டுனா. ஒன்ன மாதிரியே சுருட்டை."

அவளுக்கு. பேத்தி என்றுகூட இதுவரை யாரும் வடிவிடம் சொன்னதில்லை. நாக்கு மேலண்ணத்துக்கு எழுந்தது, அவள் அதைத் தடுக்கவில்லை. உச். பொய் இரண்டு எட்டு முன்னால் வைத்து செவலைக்குப் பக்கத்தில் சேர்ந்துகொண்டது. "அப்புறம்?" என்றாள் வடிவு. சங்கரி சொல்லிக்கொண்டே வந்தாள்.